அம்மாவுக்குப் பத்தாயிரம் அடி வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட நடையில் தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன; மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகள் எடுக்கிறார். டாக்டர் "தினமும் நடங்கள்" என்ற ஒரே வார்த்தையோடு அனுப்பிவிட்டார். நீங்கள் போனில் அடி எண்ணும் செயலி போட்டுக் கொடுத்தீர்கள். அது 10,000 கேட்டது, அம்மாவால் 3,000ஐத் தாண்ட முடியவில்லை, முழங்காலும் வலித்தது, இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார். இப்போது உங்கள் கேள்விகள்: காலையா மாலையா, வெறும் வயிற்றிலா சாப்பிட்டா, எவ்வளவு தூரம், வலியோடு நடக்கலாமா, தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு காவடி எடுக்கலாமா?

நான் இதே மொரீஷியஸில் அரசு சுகாதார நிலையம் ஒன்றில் நீரிழிவுப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. மருந்தின் அளவை மாற்றுவது பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். நடப்பது பற்றிச் சொல்லலாம்.

முதலில் அந்த 10,000. அது எந்த மருத்துவரும் ஆராய்ந்து கண்டுபிடித்த எண் இல்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்து ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் கிளம்பிய நேரம். 1965இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்க வந்தபோது வைத்த பெயரிலேயே அந்த எண் இருந்தது. விளம்பரத்துக்கு நல்ல எண். அறுபது ஆண்டு கழித்து அது உங்கள் அம்மாவைத் தோற்கடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களுக்கு அடி எண்ணும் கருவி கட்டிவிட்டு, பிறகு சில ஆண்டுகள் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களில் இறப்பு 41 விழுக்காடு குறைவு. 7,500 வரை நன்மை ஏறிக்கொண்டே போய், அதற்கு மேல் ஏறவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த மாதிரி ஆய்வில் அந்தச் சந்தேகம் முழுவதும் தீராது. ஆனாலும் ஒன்று தெளிவு: 3,000இல் இருப்பவர் 4,500க்குப் போவதுதான் பெரிய லாபம். 9,000இல் இருப்பவர் 10,000க்குப் போவதில் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் அம்மா தோற்கவே இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். செயலியையும் அழித்துவிடுங்கள்.

இனி உண்மையான விஷயம். சர்க்கரை உள்ளவருக்கு எத்தனை அடி என்பதைவிட எப்போது என்பது முக்கியம். என் அனுபவத்தில் இதை யாரும் நோயாளியிடம் எடுத்துச் சொல்வதில்லை.

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கி, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் தட்டினாலும் முன்கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசைக்கு ஒரு பின்கதவும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, உள்ளே இருக்கும் குளூட்-4 என்ற புரதம் இன்சுலின் சொல்லாமலேயே தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும்தான் இருக்கின்றன. நடக்கும்போது வேலை செய்பவை அவைதான். எனவே சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நடந்தால் உச்சமே தாழ்ந்துவிடும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை இரண்டு விதமாக நடக்க வைத்தார்கள்: சில நாட்கள் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம், வேறு சில நாட்கள் மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம். மொத்த நேரம் ஒன்றேதான். 2016இல் வந்த முடிவு: சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது, சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. ஏன் இரவில் அதிகம்? அந்த வேளையில்தான் அவர்கள் மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தார்கள்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். காலையில் அவசரமாக ரொட்டியும் வெண்ணெயும் டீயும். மதியம் எங்காவது ஒரு ஜோடி டால் பூரி. எல்லோரும் வேலையிலிருந்து வந்த பிறகுதான் அடுப்பு மூட்டி, சோறோ ஃபராட்டாவோ, பருப்பு, கீரை, கறி, அச்சார் என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். பிறகு டிவி, பிறகு படுக்கை. நாளின் பெரிய சாப்பாடு நாளின் மிக அசையாத நேரத்தில் வந்து விழுகிறது. டாக்டர் "நடங்கள்" என்றதும் நம்மவர்கள் விடியற்காலை எழுந்து ஷூ கட்டுகிறார்களே தவிர, இந்த நேரத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே நான் சொல்லும் முதல் படி இதுதான்: ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பதினைந்து இருபது நிமிடம் கழித்து, அம்மா 10 நிமிடம் நடக்கட்டும். வேகம் வேண்டாம். பாத்திரத்தை மருமகள் கழுவட்டும், இல்லை நீங்களே கழுவுங்கள். இரண்டு வாரம் இது ஒன்றுதான். அது பழகிய பிறகு காலை உணவுக்குப் பின் ஒரு பத்து, அதன் பிறகு மதியம். மூன்றும் சேர்ந்தால் நாளுக்கு 30 நிமிடம். வாரத்துக்கு 150 நிமிடத்தைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

"ராத்திரி எங்கே நடப்பது?" என்று உடனே கேட்பீர்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பல சந்துகளில் நடைபாதை கிடையாது, தெரு நாய்கள் உண்டு, அறுவடைக் காலத்தில் கரும்பு லாரிகள் வேறு. சாலையில் போக வேண்டாம். 1960இல் கரோல் புயல் தகர வீடுகளையும் மர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு இந்தத் தீவு காங்கிரீட்டுக்கு மாறியது. அதனால் நம்மில் பலருக்குத் தலைக்கு மேலேயே ஒரு மொட்டைமாடி இருக்கிறது. கைப்பிடிச் சுவரும் விளக்கும் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் வராந்தாவிலிருந்து சமையலறை வரை போய் வரட்டும். டிவி தொடரைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாலும் தொடைத் தசைக்கு வித்தியாசம் தெரியாது. இது அழகான நடைப்பயிற்சி இல்லைதான். கடற்கரையில் சூரிய உதயத்தில் நடக்கும் விளம்பரப் பெண்களைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்குள் நடப்பது நடையே இல்லை என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

காலை நடை கெட்டது என்று சொல்லவில்லை. காற்று குளிர்ச்சியாக இருக்கும், இரத்த அழுத்தத்துக்கு நல்லது, நான்கு பேரைப் பார்த்துப் பேசலாம். ஆனால் உங்கள் அம்மா எடுக்கும் கிளிக்ளசைடு பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிக்ளசைடும் இன்சுலினும் அப்படி அல்ல. மாத்திரையைப் போட்டுவிட்டு, "வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று வெறும் வயிற்றில் கிளம்புவதுதான் ஆபத்தான சேர்க்கை. வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மீட்டரில் 4க்குக் கீழே காட்டும் (இங்கே சொல்லும் எண்கள் mmol/L அளவில்). உடனே நின்று, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். டயட் குளிர்பானம் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. வெளியே நடக்கப் போனால் பையில் நான்கைந்து சர்க்கரைக் கட்டிகள் இருக்கட்டும். கிளம்பும் முன் மீட்டரில் 5க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் நடப்பதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு. அதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு எச்சரிக்கை இதய நோய் உள்ளவர்களுக்கு. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே நடந்து, நெஞ்சை அழுத்துவது போல் வந்தால் அது வாயு இல்லை. நில்லுங்கள். ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் 114க்கு அழைத்து சாமு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குதலும் அசதியும் மட்டுமே வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடந்தால் எடை குறையுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மா மனதில் அது இருக்கும். குறையும், மிகக் கொஞ்சம். அரை மணி நேர நடை ஒரு ஜோடி டால் பூரியைக்கூட ஈடுகட்டாது. எடை தட்டில்தான் குறையும். நடைக்கு எடையைத் தாண்டிய பலன் உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேர், மூன்று ஆண்டுகள். உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடந்தவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் 26.4. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. உங்கள் அம்மாவுக்கு ஏற்கனவே வந்துவிட்டது, சரி. உங்களுக்கு? 25 வயதைத் தாண்டிய மகனாக இருந்தால், அம்மாவோடு மொட்டைமாடியில் நடக்க வேண்டிய இரண்டாவது ஆள் நீங்கள்.

"நம் இரத்தத்திலேயே சர்க்கரை இருக்கிறது, என்ன செய்ய" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 1987இல் பால் சிம்மெட், ஜார்ஜ் ஆல்பர்ட்டி போன்ற நீரிழிவு ஆய்வாளர்கள் வந்து இங்கே எடுத்த கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினருக்கு மட்டுமல்ல, பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்களுக்கும் சீனர்களுக்கும்கூட ஏறக்குறைய அதே அளவில்தான் நீரிழிவு இருந்தது. இரத்தம் வேறு வேறு, தீவு ஒன்று. அதன் பிறகு அரசு மானிய விலைச் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. ஐந்தே ஆண்டில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் (mmol/L அளவில்) 5.5இலிருந்து 4.7க்கு இறங்கியது. உலகம் முழுக்கப் பாராட்டினார்கள். ஆனால் 1987இல் சுமார் 13 விழுக்காடாக இருந்த நீரிழிவு, 2009 கணக்கெடுப்பில் 20ஐத் தாண்டியிருந்தது. எண்ணெயைக் கடையில் மாற்றிவிடலாம், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். காலை மாற்ற முடியாது, அவரவர்தான் எடுத்து வைக்க வேண்டும். 60 வயதானவர்களுக்கு 2005 முதல் பஸ் இலவசம். அருமையான திட்டம்தான், ஆனால் ஒரே ஒரு ஸ்டாப்புக்கும் பஸ் ஏறுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

முழங்கால். எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நடந்தால் மூட்டு இன்னும் தேயும் என்பது பலரின் பயம். அளவான நடை மூட்டைத் தேய்ப்பதில்லை. அசையாமல் இருந்தால்தான் தொடைத் தசை மெலிந்து, பாரம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது. நான் சொல்லிக்கொடுத்த அளவுகோல் இது: நடக்கும்போது கொஞ்சம் வலித்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி ஏறியே இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, கால் மடங்கி விழப் பார்த்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறையும் என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அதோடு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பதைப் பத்துத் தடவை; வாரத்தில் மூன்று நாள். முடியாவிட்டால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளட்டும். நடையைவிட இதுதான் முழங்காலைக் காப்பாற்றும் என்றுகூடச் சொல்வேன். வார இறுதியில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்குக்குப் போனால் இடுப்பளவு தண்ணீரில் நடக்க வையுங்கள், மூட்டில் பாரமே தெரியாது. ஆனால் ரப்பர் ஷூ இல்லாமல் இறக்காதீர்கள்: கடல் முள்ளெலியும் லாஃப் என்ற விஷ முள் மீனும் சர்க்கரைக் காலைத் தேடி வருவதில்லை, மிதித்தால் விடுவதும் இல்லை.

வெளியே எங்கே? உங்களுக்கு அருகில் பொ பாசின் பால்ஃபர் தோட்டம் இருக்கிறது, நிழலும் உட்கார இடமும் உண்டு. குதிரைப் பந்தயம் இல்லாத நாட்களில் போர்ட் லூயிஸ் ஷாம் த மார்ஸ் சமதளம், முழங்காலுக்கு நல்லது. க்யூர்பிப்பில் த்ரூ ஓ செர் எரிமலை வாயைச் சுற்றியுள்ள பாதை அழகானது, ஆனால் தூறலும் வழுக்கலும் எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். சிக்னல் மலை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது மூட்டு. வேகம் பழகிய பிறகு, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது கணக்கு; நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வரும்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலை எட்டு மணிக்கு மேல் வெயிலில் இறங்க வேண்டாம். சிக்குன்குன்யாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த உடனேயும் பொழுது சாயும்போதும் அதற்கு அதிகப் பசி. நாம் நடக்கப் போகும் அதே இரண்டு வேளை. 2006இல் சிக்குன்குன்யாவால் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள், 2025இலும் திரும்பி வந்தது. ஏற்கனவே மூட்டு வலி உள்ளவருக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் மாதக் கணக்கில் நடையே நின்றுவிடும். முழுக் கால்சட்டை, காலுறை, கொசு மருந்து.

கடைசியாகக் காவடி. இதைத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். பத்து நாள் விரதம் அவருக்கு நன்றாகவே ஒத்துப்போகலாம், ஆனால் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதாக இருந்தால் கிளிக்ளசைடு அளவைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் வெறுங்கால். தைப்பூசம் வருவது இங்கே கொளுத்தும் கோடையில். தார்ச்சாலை காலைப் பொசுக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது தெரியாது, வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். சர்க்கரைக் காலில் கொப்புளம் புண்ணாவதற்கும், புண் விரலைக் கேட்பதற்கும் நாள் அதிகம் ஆகாது. எங்கள் பிரிவில் அப்படி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனவே இப்போதே, தைப்பூசத்துக்கு மாதங்கள் இருக்கும்போதே, அம்மாவின் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம், வலி இல்லை. உணர்ச்சி முழுவதும் இருந்தால், அதிகாலையில் கிளம்பும் கோயிலில் குறுகிய தூரத்துக்குப் பால்குடம் எடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் தண்ணீரோடு வர வேண்டும், அன்று இரவே பாதத்தை விரல் விரலாகப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைவு என்று வந்தால் வெறுங்கால் கூடாது, தீமிதி பற்றிப் பேச்சே கூடாது. கோயில் குருக்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலுறையோடு நடக்கவும், வாசலில் மட்டும் குடத்தை வாங்கிக்கொள்ளவும் அனுமதித்தவர்களை எனக்குத் தெரியும்.

சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். உணர்ச்சி எந்த இடத்தில் குறைவு, பழைய ஆணிக்கால் ஏதாவது உண்டா என்று தெரிந்தால், என்ன மாதிரி ஷூ வாங்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை அந்த ரப்பர் சவாத்துச் செருப்பில் நீண்ட தூரம் நடக்க விடாதீர்கள்.